சரத்தில் ஒட்டாத வண்டி

பந்தல்குடிப் பக்கம் தூத்துக்குடி ரோட்டில் கரிச்சாக்கு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்வண்டியின் பின்பக்க டோருக்கும் பின்வண்டியின் பம்பருக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ நுழையக்கூட இடம் இருக்காது. அந்த வரிசையில் ஓரிடத்தில் மட்டும் ஏழெட்டு லாரியை நிறுத்தும் அளவுக்கு ரோடு காலியாகத் தெரியும். அந்தக் காலி இடத்துக்குப் பின்னால் வருகிற வண்டி காளிராஜ் ஓட்டுவது.

அவரைப் பயந்தவர் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. பயந்தவர் மெதுவாகப் போவார். காளிராஜ் மற்றவர்கள் போகும் அதே வேகத்தில்தான் போகிறார். தூரம்தான் வேறு.

காளிராஜ் 1975இல் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். காடெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிய பிறகு அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலைக்குப் போனார்கள். காளிராஜ் அந்தக் கரியைச் சுமந்து லாரியில் ஏற்றினார், பிறகு கிளீனர் ஆனார், 2000ஆம் ஆண்டில் கனரக லைசென்ஸ் எடுத்தார். 2011இலிருந்து பந்தல்குடி ராஜேஸ்வரி அம்மாளின் லாரியை ஓட்டுகிறார். ராஜேஸ்வரிக்கு நிலபுலன் உண்டு. கணவர் இறந்த பிறகு விவசாயத்தையும் லாரியையும் அவரே பார்க்கிறார். வாய் கொஞ்சம் காரம், கூலியில் நேர்மை.

இந்தத் தூர விவகாரத்தை யாரும் காளிராஜுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. லைசென்ஸ் எடுத்த நாலாம் வருஷம், ஆளில்லாத ஒரு கண்மாய் ரோட்டில், முழு லோடோடு ஐம்பதில் போய்ப் பிரேக்கை அழுத்தி மிதித்துப் பார்த்திருக்கிறார். வண்டி நின்றதும் இறங்கி, மிதித்த இடத்துக்கு நடந்து போயிருக்கிறார். மிதித்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம் என்று அன்று வீட்டில் வந்து சொன்னாராம். அதன்பிறகு ஒட்டிப் போனதில்லை.

தூரத்தை அளக்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். முன்வண்டி ஒரு மரத்தையோ மைல்கல்லையோ தாண்டும்போது, மனைவி செல்வலட்சுமியின் உடன்பிறந்த பெண்கள் நாலு பேரின் பெயரையும் நிதானமாகச் சொல்லத் தொடங்குவார். பெத்தம்மாள், ராக்கம்மாள், மாரிக்கனி, காளீஸ்வரி. நாலும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் வண்டி அந்த மரத்துக்கு வர வேண்டும். லோடு இருந்தால் மாமியார் தங்கத்தாயும் சேர்ந்துகொள்வார். மழை பெய்தால் பட்டியல் முழுவதையும் இன்னொரு முறை சொல்ல வேண்டும். காரியாபட்டியில் ஒரு விசேஷத்துக்காகச் செல்வலட்சுமி ஒருமுறை லாரியில் கூடவே போனபோதுதான் இது வெளியே தெரிந்தது.

"என்னது, எங்க அக்கா தங்கச்சி பேரைப் பூராம் சொல்லிக்கிட்டு வாரீக?"

"வண்டி எட்டத்துல வருதான்னு பாக்குறேன்."

"அதுக்கு எம்பேரு ஆகாதாக்கும்?"

"ஒம்பேரு நீளம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள மதுரைக்கே பின்னால போயிருவேன்."

ரோட்டில் அவருக்குக் கெட்ட பெயர்தான். அவர் விடும் இடத்தில் கார்கள் நுழையும், பஸ் நுழையும். ஒவ்வொன்று நுழையும்போதும் அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி பின்வாங்குவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வருவார்கள். டீக்கடையிலும் விடமாட்டார்கள். சதீஸ்குமார் என்ற டிரைவர், வழக்கமாகக் காளிராஜுக்குப் பின்னால் வண்டி ஓட்டி வந்து நொந்துபோனவர், அவர் தலையைக் கண்டதுமே ஆரம்பிப்பார்.

"எட்டப்பன் வந்துட்டாருப்பா. பெஞ்சில நாலு ஆளு தள்ளி ஒக்காருங்க."

"நீ ஒட்டி ஒக்காருலே. பக்கத்துல இருக்கவன் இருமுனா ஒன் டீ கொட்டும்" என்பார் காளிராஜ்.

இதெல்லாம் கேலியோடு போயிருக்கும். போகாததற்குக் காரணம் சரம்.

கரி லோடு ஓட்டும் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடி இரண்டாம் வெள்ளியன்று எல்லா லாரிகளும் பந்தல்குடி கரி யார்டிலிருந்து கிளம்பி, அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழி ரோட்டில் கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயிலுக்கு வரிசையாகப் போகும். இதைத்தான் சரம் என்பார்கள். வருஷம் முழுவதும் வண்டியை ஓட்டுகிறவர்தான் அன்றும் ஓட்ட வேண்டும். நடுவில் வெளிவண்டி எதுவும் நுழையக்கூடாது. நுழைந்தால் சரம் அறுந்தது என்று பொருள். யாருடைய வண்டிக்கு முன்னால் இடம் விழுந்ததோ அந்த டிரைவர் சாமிக்கு ஒரு வெள்ளாட்டுக்குட்டி தர வேண்டும். கோயிலில் ஒவ்வொரு வண்டியின் பம்பரிலும் சிவப்புத் துணி கட்டுவார்கள். அந்தத் துணி இல்லாத வண்டியில் லோடு ஏற்ற யார்டில் தயங்குவார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் சாமிக்காக ஒட்டிப் போன பழக்கம் மற்ற நாட்களுக்கும் வந்துவிட்டது. கரி வண்டிகள் எப்போதும் ஒட்டியே போவதற்கு இதுதான் தொடக்கம் என்பது என் கணிப்பு. மற்ற லோடு வண்டிகள் அவ்வளவு ஒட்டிப் போவதில்லை.

2022வரை காளிராஜ் இதில் தப்பித்து வந்தார். ராஜேஸ்வரியின் லாரிக்குச் சரத்தில் எப்போதும் கடைசி இடம். கடைசி வண்டி எவ்வளவு பின்தங்கினாலும் அதைச் சரம் அறுந்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

2022 ஆடியில் சரம் நடுவில் அறுந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு மினி பஸ் நுழைந்துவிட்டது. அதே வருஷம் அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை, பந்தல்குடிக்குத் தெற்கே ஒரு மாடு குறுக்கே வந்து லாரிகள் மோதிக்கொண்டன. ஊரில் நாலு வண்டி மோதியது என்று சொல்கிறார்கள். மோதியது மூன்று. முதல் வண்டி பிரேக் போட, இரண்டாவது அதில் மோத, மூன்றாவது இரண்டாவதில் மோதியது. நாலாவது வண்டி யாரையும் தொடாமல் நின்றது. அது காளிராஜுடையது. மூன்றாவது வண்டியை ஓட்டிவந்த மதன்குமாருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்து ஊரார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆடியில் சரம் அறுந்ததால்தான் புரட்டாசியில் விபத்து. ஆகவே அடுத்த ஆடியில் முன்னைவிட இன்னும் ஒட்டிப் போக வேண்டும்.

2023 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை, யார்டின் தகரக் கொட்டகையில் கூட்டம். கரி லாரிச் சங்கத் தலைவர் வீரபத்திரன் பேசினார். அவருக்கு நாலு லாரி. சரத்தில் முதல் வண்டி எப்போதும் அவருடையது.

"இந்த வருஷம் ஒரு சாண் எடம் விழக்கூடாது. முன்வண்டி டோருல கட்டுன வேப்பங்கொலை பின்வண்டி கண்ணாடியில ஒரசணும். அப்பிடி வரணும்."

அந்த வருஷம் முறை மாறி, இரண்டாம் இடம் ராஜேஸ்வரியின் லாரிக்கு வந்திருந்தது. இரண்டாம் வண்டியில்தான் பம்பர்களில் கட்டும் சிவப்புத் துணிகள் உள்ள சாமி துணிப்பெட்டி போகும். அவர் கணவர் இருந்தவரை கிடைக்காத மரியாதை. ராஜேஸ்வரி புதுச்சேலை எடுத்துவிட்டார்.

காளிராஜ் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் வழக்கமா விடுற எடத்தை விட்டுத்தான் வருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"ஏலே, சாமி காரியத்துல என்னலே ஒன் வழக்கம்? மதன்குமாரு காலைப் பாத்தேல்ல?"

"பாத்தேன். அது சரம் அறுந்து போன காலு இல்ல. ஒட்டி வந்து போன காலு. அன்னைக்கு எனக்கு மிதிக்க எடம் இருந்துச்சு, நின்னேன். மோதுன ரெண்டு பேருக்கும் எடமில்ல."

ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த மதன்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங் காலு, நான் சொல்றேன். சாமி குத்தம்தான். நல்லா நின்ன ஆளுக்கு என்ன தெரியும்?"

"அவுக வண்டியில பிரேக்குப் பதிலா கொழுந்தியா இருக்கா" என்றார் சதீஸ்குமார். கொட்டகையே சிரித்தது.

ராஜேஸ்வரி சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் லாரிக்குப் பக்கத்தில் காளிராஜை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"இங்க பாரு காளிராசு. பன்னெண்டு வருசமா நீ எப்பிடி ஓட்டுறன்னு நான் கேட்டதில்ல. இந்த ஒரு நாளு ஒட்டி வா. என் வண்டிக்கு முன்னால சரம் அறுந்துச்சுன்னா அங்கேயே சாவியை வாங்கிருவேன்."

"வாங்கிக்கிருங்கம்மா. ஒட்டி மட்டும் வரமாட்டேன்."

"வேற எவன் ஒனக்கு வண்டி குடுப்பான்? இந்தச் சங்கத்தைப் பகைச்சுக்கிட்டு இந்த ரோட்டுல ஓட்டிருவியோ?"

 பதில் இருவருக்கும் தெரியும். காளிராஜுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லூரியில் படிக்கும் பெண் இருந்தாள். இந்த லாரி போனால் கரி யார்டில் மறுபடி சாக்குச் சுமக்கத்தான் போக வேண்டும்.

செல்வலட்சுமியும் அன்று கேட்டார். "ஒரு நாளு ஒட்டிப் போனா என்ன கொறைஞ்சா போயிரும்?"

"எங்கப்பா எங்க நிக்கணும்னு ஆயுசு பூராம் அடுத்தவுகதான் சொன்னாக. அவரும் நின்னாரு. ரோட்டுல நான் எங்க நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

ஜூலை 28, வெள்ளிக்கிழமை காலை, பதினோரு லாரிகள் யார்டிலிருந்து கிளம்பின. எல்லாவற்றிலும் வேப்பங்குலை, மாலை. முதல் வண்டியில் வீரபத்திரன் இருந்தார். இரண்டாவதில் ராஜேஸ்வரி துணிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காளிராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதை சதீஸ்குமார் ஓட்டினார்.

யார்டு வாசலிலேயே காளிராஜ் பின்தங்கினார். முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டியது. அவர் உதடு அசைந்தது.

"இன்னைக்குமா?" என்றார் ராஜேஸ்வரி.

"லோடு இல்லம்மா. மாமியாவ விட்டுட்டேன்."

சதீஸ்குமாரின் ஹாரன் அருப்புக்கோட்டைவரை ஓயவே இல்லை. அதுவரை வெளிவண்டி எதுவும் நுழையவில்லை. திருச்சுழி ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், ஒரு கிளைரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஒன்று நிறையப் பெண்களோடு வந்து, முன்னால் இருந்த இடத்தைப் பார்த்துச் சந்தோஷமாக நுழைந்தது.

வீரபத்திரன் வண்டி நின்றது. சரம் முழுவதும் நின்றது. ஆட்டோவும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. வீரபத்திரன் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முதலில் ஆட்டோவைப் பிடித்தார்.

"ஏய், சாமி சரம்னு தெரியலையா? நடுவுல பூருறிக?"

உள்ளே இருந்து ஒரு கிழவி தலையை நீட்டினாள். "நாங்களும் சாமிக்குத்தான்யா போறோம். இம்புட்டு எடம் கெடந்துச்சு. ரோட்டுல எழுதியா போட்டிருந்துச்சு?"

ஆட்டோ போய்விட்டது. வீரபத்திரன் காளிராஜின் ஜன்னலுக்கு வந்தார்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா அறுத்துட்டேல்ல? யார்டுக்குத் திரும்பிப் போயி மறுபடி ஆரம்பிக்கணும். இந்தத் தடவையாவது ஒட்டி வாலே."

"வரமாட்டேன் அண்ணாச்சி. ஒட்டி வந்தா எனக்கு ஒங்க டோரு மட்டும்தான் தெரியும். ஒங்க டிரைவரு பாத்து மிதிச்சாத்தான் நான் மிதிக்கணும். அவரு கண்ணை வச்சு நான் எதுக்கு வண்டி ஓட்டணும்? எனக்குக் கண்ணு இல்லையா?"

ராஜேஸ்வரி கையை நீட்டினார். "சாவி."

காளிராஜ் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி அவர் கையில் வைத்தார். இறங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒரு சிக்கல். வண்டி ஓட்ட வேறு ஆளில்லை. மற்ற டிரைவர்கள் எல்லோரும் அவரவர் வண்டியில் இருந்தார்கள். யார்டுக்குத் திரும்பவும் நேரமில்லை. பூசை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீரபத்திரன் தலையைச் சொறிந்தார். பிறகு முடிவு சொன்னார்.

"இந்த வண்டி ஓரமாக் கெடக்கட்டும். சதீஸ்குமாரு முன்னால வரட்டும். பத்து வண்டி போதும். மதினி, அந்தப் பெட்டியை இப்பிடிக் குடுங்க."

ராஜேஸ்வரி பெட்டியை இன்னும் நெருக்கி மடியில் இழுத்துக்கொண்டார்.

"பெட்டி ரெண்டாம் வண்டிக்குள்ளது. ரெண்டாம் வண்டி இது."

"இது சரத்துல இல்ல மதினி."

"இந்த டிரைவரைத் திட்டுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. என் வண்டியை ஓரங்கட்ட ஒமக்கு யாரு உரிமை குடுத்தா? பெட்டி எங்கூடத்தான் வரும். நீரு போம்."

வீரபத்திரன் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் மாற்றம் வராது என்று தெரிந்ததும் போய்விட்டார். ஒன்பது லாரிகள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போய் முதல் வண்டியோடு ஒட்டிக்கொண்டன. சதீஸ்குமார் போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போனார்.

ரோடு அமைதியானது. ராஜேஸ்வரி சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசி லாரி கண்ணுக்கு மறைந்த பிறகு சாவியை நீட்டினார்.

"எடு."

"எடம் விட்டுத்தான் வருவேம்மா."

"முன்னால எவன் இருக்கான், ஒட்டி வரச் சொல்ல? எடு வண்டிய."

கொஞ்ச நேரத்தில் சரத்தின் வாலைப் பிடித்துவிட்டார்கள். காளிராஜ் தன் கணக்குப்படி பின்னால் நின்றுகொண்டார். வளைந்து போகும் அந்த ரோட்டில் பத்து லாரியும், அவற்றுக்கு அப்பால் ரோடும், ரோட்டோரம் ஏறிவரும் ஆட்டுக்கூட்டமும் முகப்புக் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்தன. ராஜேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். லாரி சொந்தமாக இருந்தும் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் போனது அன்றுதான் முதல் தடவை. ஒரு மோட்டார்சைக்கிள் முன்னால் நுழைந்தது. காளிராஜ் காலை எடுத்தார். இடம் மறுபடி விழுந்தது. 

கோயிலில் பத்து டிரைவர்களும் பெட்டிக்காகக் காத்து நின்றார்கள். பூசாரி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். ராஜேஸ்வரி இறங்கி, பெட்டியைச் சாமி முன்னால் வைத்துத் திறந்து, பூசாரி தொட்டுக் கொடுத்த முதல் துணியைக் காளிராஜிடம் நீட்டினார்.

"நம்ம வண்டியில கட்டு."

"அதெப்பிடி? அறுத்த வண்டிக்குத் துணியா?" என்று வீரபத்திரன் முன்னால் வந்தார். "மொதல்ல குட்டி எங்க?"

"குட்டி தரமாட்டேன் அண்ணாச்சி" என்றார் காளிராஜ். "என் வண்டிக்கு முன்னால கெடந்தது சும்மா எடமில்ல. அதுதான் என் பிரேக்கு. அதுக்குப் போயி எவனாச்சும் அவதாரம் குடுப்பானா?"

"அபராதம்லே."

"ரெண்டும் கெடையாது."

சிலர் சிரித்துவிட்டார்கள். வீரபத்திரன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி, வண்டி வந்துவிட்டது, துணியும் தொட்டாகிவிட்டது, இனி தான் திருப்பி வாங்க முடியாது என்றார். காளிராஜ் பம்பரில் துணியைக் கட்டினார்.

அன்று மாலை பந்தல்குடியில் வண்டியை நிறுத்தியதும் காளிராஜ் கேட்காமலே சாவியை ராஜேஸ்வரியிடம் கொடுத்தார். அவரும் வாங்கி உள்ளே கொண்டுபோனார். மறுநாள் காலை தூத்துக்குடிக்கு லோடு இருந்தது. காளிராஜ் வழக்கமான நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். கெஞ்ச வரவில்லை என்று தெரியும்படி வாசற்படிக்கு வெளியே, நேராக நின்றார். ராஜேஸ்வரி சாவியோடு வந்தார்.

"சாவியை வாங்கிருவேன்னு சொன்னேன், ரெண்டு தடவை வாங்கிட்டேன். சொன்ன சொல்லு முடிஞ்சுச்சு. திருப்பித் தரமாட்டேன்னு நான் சொல்லல. லோடு நிக்குது, போ."

"எடம் விட்டுத்தான்..."

"தெரியும்யா. வாய மூடிட்டுப் போ."

சங்கம் விடவில்லை. அந்த வருஷம் முழுவதும் யார்டில் ராஜேஸ்வரியின் லாரிக்குக் கடைசியாகத்தான் லோடு ஏற்றினார்கள். 2024 ஆடியில் அதைச் சரத்தில் சேர்க்கவில்லை. பத்து வண்டிகள் ஒட்டிப் போயின. அவற்றுக்குக் கொஞ்சம் பின்னால், யாரும் கூப்பிடாமலே, ராஜேஸ்வரியும் காளிராஜும் அதே ரோட்டில் போனார்கள். சரத்தில் போன ஓட்டுநர்கள் மனம் மாறினார்கள் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. அவர்கள் இன்றும் ஒட்டித்தான் போகிறார்கள்.

இந்தத் தை மாதம் யார்டில் வீரபத்திரன் காளிராஜைக் கூப்பிட்டு விட்டார். சமாதானம் பேசுகிற குரல்.

"ஏலே காளிராசு, ஒரு குட்டியைக் குடுத்துட்டு மறுபடி சரத்துல சேந்துக்கோ. கடைசி எடம் தாரேன். எட்டவே வா, எவனும் கேக்க மாட்டான். லோடும் முன்னால ஏத்தச் சொல்றேன்."

"கடைசி எடத்துல எட்ட வாரதுக்கு எனக்கு யாரு உத்தரவும் வேணாம் அண்ணாச்சி. ரெண்டாம் எடத்தைக் குடுங்க, அங்கயும் எட்டத்தான் வருவேன். குட்டியும் கிடையாது."

"அப்ப லோடு கடைசியாத்தான் ஏறும்."

"ஏறட்டும். முன்னால போற வண்டியெல்லாம் போயிட்டா எனக்கு ரோடு நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, காளிராஜ் கரிச்சாக்கு வரிசையின் கடைசியில் தன் லாரியைக் கொண்டுபோய், முன்வண்டியிலிருந்து தள்ளியே நிறுத்தினார்.